காணாமற்போனவரின் பங்கு



"சிங்கப்பூர் சண்டையில் போனவர்" என்ற ஒற்றை வாசகத்தோடு முடிந்துவிடும் வரலாறு நம்மவர் வீடுகள் பலவற்றில் உண்டு. என் தாய்வழிப் பாட்டனாரின் தமையனார் கோவை கோட்டைமேட்டிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்து, மலாயாவுக்குக் கப்பலேறியவர், திரும்பி வரவில்லை. அவருடைய துணைவியாரைச் சிறுவனாக இருந்தபோது நான் பார்த்திருக்கிறேன். எழுபது வயதிலும் அவர்கள் கழுத்தில் கருகமணி கிடந்தது. கணவர் மவுத்தான செய்தி உறுதியாக வந்தால்தானே நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க முடியும்? செய்தி வரவேயில்லை. கணவரின் இருப்பிடம் நான்கு ஆண்டுகள் தெரியாதிருந்தால் மனைவி நீதிமன்றத்தை நாடி விடுதலை பெறலாம் என்று 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் வழி செய்திருந்தது. அதனை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பார்களா என்பது வேறு.

அவர்களுடைய ஒரே மகள், என் பெரியம்மா, எண்பத்தைந்தைத் தாண்டியவர். "அத்தாவுக்கு என்ன ஆச்சு என்று நீயாவது பார்த்துச் சொல்லேன்" என்று ஒரு நோன்புப் பெருநாளன்று அவர் கேட்டபோதுதான் நான் தேடத் தொடங்கினேன்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கைதிகளாயினர். இரண்டே நாளில் அவர்களை ஃபாரர் பார்க் திடலில் ஒன்றுகூட்டி, இந்திய தேசிய இராணுவத்துக்கு அழைப்பு விடுத்தனர். பல்லாயிரம் பேர் சேர்ந்தனர். பல்லாயிரம் பேர் சேரவில்லை. சேராதவர்களில் பலரை 1943 முதல் நியூகினி, நியூபிரிட்டன் தீவுகளுக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பினர். நியூகினியின் வேவாக் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்ட ஏறத்தாழ மூவாயிரம் இந்தியரில், போர் முடிந்தபோது உயிரோடு எஞ்சியவர்கள் சுமார் இருநூறு பேர். எங்கள் வீட்டிலோ, சுதந்திரம் வந்த பிறகு அவரை நேதாஜியின் படையில் சேர்த்துவிட்டார்கள்! அதற்கு ஒரு துண்டுக் காகிதச் சான்றும் எனக்குக் கிடைக்கவில்லை. சேர்ந்திருந்தாலும் பெருமைதான், சேராதிருந்தாலும் இழிவில்லை. எனினும் கிடைக்காத ஒன்றைக் கிடைத்ததாக எழுத எனக்கு உரிமை இல்லை.

இத்தகைய தேடலில் இறங்குவோர் முதலில் கைப்பற்ற வேண்டியது பட்டாள எண்ணும் படைப்பிரிவின் பெயரும்தான். அண்மையில் இருப்பதால் நம் பகுதியினர் நேரே குன்னூருக்கு அருகிலுள்ள வெலிங்டன் செல்லத் துடிப்பார்கள். ஆனால் அங்குள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் போருக்கு முன் கலைக்கப்பட்டிருந்து, 1940களின் தொடக்கத்தில்தான் மீண்டும் எழுப்பப்பட்டது. அக்காலத்தில் மலாயாவுக்குப் போன தமிழர்களைப் பெங்களூரின் மெட்ராஸ் சாப்பர்ஸ் போன்ற பிரிவுகளில் தேடுவதே பொருத்தம். பெரியம்மாவின் தகரப் பெட்டியில், மக்கிப்போன ஒரு மணியார்டர் கூப்பனின் ஓரத்தில் அந்த எண் இருந்தது. 'சாப்பர்' என்ற சொல்லும் இருந்தது.

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பெயர்ப் பட்டியலைக் கணினியில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பெயரைக் கொண்டு தேடினால் திண்டாட்டம்தான். ஒரே 'முஹம்மது' ஆங்கில எழுத்தில் நான்கைந்து வேடம் போடுகிறார். ஷேக், சாஹிப், ராவுத்தர் ஆகியவை ஓரிடத்தில் பெயராகவும் வேறிடத்தில் பட்டமாகவும் நிற்கின்றன. எண்ணைக் கொண்டு தேடியபோது ஒரே வரி வந்தது. தந்தை பெயர், மனைவி பெயர், கோயமுத்தூர், இறந்த ஆண்டு 1944. கப்ரு இல்லை, சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகச் சுவரில், அடக்கத்தலம் அறியப்படாத இருபத்து நாலாயிரத்துக்கும் அதிகமான பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும்.

அந்த ஆண்டைக் கண்டதும் என் நெஞ்சு திடுக்கிட்டது. அவருடைய தந்தையார் வஃபாத்தானது 1947இல்.

நாங்கள் மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் 'சிராஜி' என்னும் வாரிசுரிமை நூலில், மஃப்கூது எனப்படும் காணாமற்போனவருக்கென்று தனிப் பாடமே உண்டு. பிறர் விட்டுச் சென்ற சொத்தில் அவருக்குரிய பங்கை நிறுத்தி வைக்க வேண்டும். அவர் முன்பே இறந்திருந்தது தெரியவந்தால் அப்பங்கு மற்ற வாரிசுகளுக்கே திரும்பும். என் பாட்டனாரும் அவர் தம்பியும் தங்கள் தந்தையின் வீட்டை மூன்றாக வகுத்து, வடபுறத்துப் பகுதியை 'அண்ணன் பங்கு' என்று விட்டுவிட்டார்கள். பெரியம்மா இன்றும் அங்கேதான் வசிக்கிறார். மகனோ தந்தைக்கு மூன்றாண்டு முன்பே மறைந்துவிட்டார். சிறிய தந்தைமார் உயிரோடிருக்கையில் மகனுடைய மகளுக்குப் பாட்டனார் சொத்தில் பங்கு சேராது. அப்படியானால் அந்த அறைகள் யாருடையவை? பயன் பெறும் வாரிசுகளில் என் தாயாரும் ஒருவர்!

அந்தத் தாளை 'சிராஜி'க்குள்ளேயே மடித்து இரண்டு மாதம் வைத்திருந்தேன். மறைத்தால் அமானிதத்துக்குக் கேடு. சொன்னால் ஒரு மூதாட்டியின் கூரைக்குக் கேடு. கடைசியில் என் மாமாவிடம் சொன்னேன். "அன்றைக்கு அவர்கள் கொடுத்தது கொடுத்ததுதான், பேசாமல் விடு மாப்பிள்ளை" என்றார். பேசாமல் விடுவது போதாது, ஒவ்வொரு வாரிசும் அறிந்து மனமொப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஒருவர் மட்டும் ஒரு வாரம் யோசித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் வீடில்லை. பிறகு அவரும் கையெழுத்திட்டார். வடபுறம் ஹிபாவாகப் பெரியம்மா பெயருக்கு எழுதப்பட்டது.

அதற்குப் பின்னரே பதிவை அவருக்குப் படித்துக் காட்டினேன். வீட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் அழுதுவிட்டு, பெயரை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். "அது அத்தா பேரில்லையே, ஒரு எழுத்து மாறிக் கிடக்கிறதே" என்றார். உண்மைதான், மாறித்தான் கிடக்கிறது. சான்று காட்டினால் ஆணையம் பதிவைத் திருத்தும். எங்கள் ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் பதிவேட்டில் மணமகன் பெயர் சரியாக இருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலை இணைத்துச் சென்ற மாதம் எழுதி அனுப்பியிருக்கிறேன்.