சம்பந்தி ஊர்க் கூரை நம் ஊருக்குப் பொருந்துமா?

கேள்வி: ‘‘கஜா புயலில் எங்கள் கீற்றுக் கொட்டகை மொத்தமும் போய்விட்டது. அதன் பிறகும் கீற்றுதான் போட்டு வருகிறோம். கிணத்துக்கடவில் இருக்கும் எங்கள் சம்பந்தி, மாட்டுக் கொட்டகைக்குக் கலர் ஷீட் போட்டிருக்கிறார். பார்க்க நன்றாக இருக்கிறது. அதே ஷீட், அதே அளவு, அதே வெல்டிங் வேலையை இங்கேயும் செய்துகொள்ளலாமா? 24 அடி நீளம், 15 அடி அகலம். ஏழு மாடுகளில் ஒன்றை விற்றுத்தான் இந்தச் செலவைச் செய்யப் போகிறோம்.’’

- ஒரு வாசகி, வேதாரண்யம் வட்டம்.

பதில்: மாட்டை விற்பதற்கு முன்பே கேட்டது நல்லது. ஷீட் போடலாம். ஆனால், கிணத்துக்கடவில் செய்த வேலையை அப்படியே வேதாரண்யத்தில் செய்யக் கூடாது. கூரைக்கு ஊருக்கு ஊர் எதிரி வேறு. கடலோரத்தில் காற்றும் உப்பும், கொங்குப் பகுதியில் வெயில், நீலகிரியில் ஈரம், நெருக்கமான தெருவில் நெருப்பும் பக்கத்து வீட்டுத் தண்ணீரும். ‘எந்த ஷீட் நல்லது?’ என்று கேட்பதற்கு முன், ‘நம் ஊரில் கூரையைக் கெடுப்பது எது?’ என்று கேட்டுக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

காற்று தூக்கும் கணக்கு

கூரையைக் காற்று மேலிருந்து அழுத்தும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சரிவு குறைவான கூரையில் நடப்பது நேர்மாறானது. காற்று கூரைக்கு மேலே வேகமாகக் கடக்கும்போது ஷீட்டை மேல்நோக்கி உறிஞ்சும். பக்கவாட்டில் திறந்திருக்கும் கொட்டகையில் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் கூரை பறக்கும்.

கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம், கோயம்புத்தூருக்கு அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 39 மீட்டரை வைத்திருக்கிறது. அதாவது, மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர். சென்னை உள்ளிட்ட கடலோரத்துக்கு விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். வேகத்தில் வித்தியாசம் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனால், வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். அந்தக் கணக்கில் கோவையில் ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 9 கிலோ என்றால், கடலோரத்தில் 14 கிலோ.

ஒரு சதுர அடி இரும்பு ஷீட்டின் எடை அரை கிலோகூட வராது. 10 அடி நீளம், 3 அடி அகலமுள்ள ஒரு ஷீட்டைத் தூக்கக்கூடிய விசை சுமார் 420 கிலோ. வாசகியின் கொட்டகை 360 சதுர அடி. முழுக் கூரைக்கும் சேர்த்தால் 5 டன். ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சும் விசை இதைவிடக் கூடுதல். புயலில் முதலில் ஓர ஷீட் கிளம்பி, அதன் பின்னால் மற்றவை வரிசையாகப் போவது இதனால்தான்.

ஆக, கடலோரத்தில் ஷீட்டின் கனத்தைவிடப் பிடிமானம் முக்கியம். ஷீட்டை ஸ்க்ரூ பிடிக்கிறது. ஸ்க்ரூவைப் பர்லின் பிடிக்கிறது. பர்லினைச் சட்டமும், சட்டத்தைத் தூணும், தூணை அஸ்திவாரமும் பிடிக்கின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ, அங்கேதான் அறும். ஷீட்டை இறுக்கமாக முடுக்கிவிட்டு, தூணை ஒன்றரை அடிக் குழியில் மண் போட்டு மிதித்து நிறுத்தினால், புயல் தூணோடு பிடுங்கிக்கொண்டு போகும்.

கடலோரத்தில் கவனிக்க வேண்டியவை:

* ஓரப் பர்லின்களிலும் முகட்டிலும் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ வேண்டும். நடுப்பகுதியில் ஒன்று விட்டு ஒன்று போதும். ஓரங்களில் பர்லின் இடைவெளியையும் குறைக்க வேண்டும்.
* மெல்லிய ஷீட்டில் ஸ்க்ரூ அப்படியே நிற்க, ஷீட் மட்டும் அதைச் சுற்றிக் கிழிந்து போகும். அகலமான வாஷர் போட்டால் இது குறையும்.
* சரிவு மிகவும் படுத்திருக்கக் கூடாது. 22 முதல் 30 பாகை வரை நல்லது. இருபக்கச் சரிவைவிட நான்கு பக்கச் சரிவுக் கூரை புயலைத் தாங்கும்.
* கூரையின் வெளிநீட்டம் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். நீட்டிய ஓரம் காற்றுக்குக் கைப்பிடி மாதிரி. திண்ணைக்கோ தீவன அறைக்கோ கூரை தேவைப்பட்டால், தனிக் கூரையாகப் போட வேண்டும். அது போனாலும் கொட்டகை நிற்கும்.
* தென்னை சாய்ந்தால் எட்டும் தூரத்தில் கொட்டகை கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்தபோது சாய்ந்த தென்னைகளை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

உப்பு எங்கே கடிக்கும்?

கடற்காற்றில் ஷீட்டுக்கு முன்பே ஸ்க்ரூதான் துருப்பிடிக்கும். பத்து வருட ஷீட்டை இரண்டு வருட ஸ்க்ரூவில் மாட்டினால், அந்தக் கூரைக்கு வயது இரண்டு. துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ அல்லது கனமான துத்தநாகப் பூச்சு உள்ள ஸ்க்ரூ கேட்டு வாங்க வேண்டும். 360 சதுர அடிக்கு இதற்காகும் கூடுதல் செலவு, ஒரு ஷீட்டை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதல்ல.

வேலை நடக்கும்போது பார்க்க வேண்டியது இன்னொன்று. கிரைண்டரால் ஷீட்டை அறுத்தால் அந்தச் சூட்டில் ஓரத்துப் பூச்சு கருகிவிடும். தெறித்த இரும்புத்தூள் ஷீட்டின் மேல் ஒட்டி, முதல் மழையிலேயே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். தகரக் கத்திரியால் வெட்டச் சொல்ல வேண்டும். தூண் இரும்பென்றால் தரைமட்டத்தில்தான் முதலில் அரிக்கும். அதனால், தரைக்கு மேல் ஓரடி உயரத்துக்குக் கான்கிரீட் பீடம் எழுப்பி, அதில் போல்ட் வைத்துத் தூணை நிறுத்துவது நல்லது.

மாட்டுக் கொட்டகைக்கு இன்னோர் எதிரி உள்ளிருந்தே வருகிறது. கோமியத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் கிளம்பும் அம்மோனியா, ஷீட்டின் அடிப்பக்கத்தைத் தின்னும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய கால்வால்யூம் ஷீட்டுக்கு இது ஆகாது. கால்நடைக் கொட்டகைக்குப் போட்டால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனையும் இருக்கக்கூடும். உத்தரவாத அட்டையைக் கடையிலேயே வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அடிப்பக்கமும் வண்ணப் பூச்சு உள்ள ஷீட், உயரமான கூரை, முகட்டில் காற்றுவழி, தினமும் கழுவிய தரை ஆகிய நான்கும் சேர்ந்தால் ஷீட்டின் ஆயுள் கூடும்.

கிணத்துக்கடவில் ஏன் சரி?

சம்பந்தி செய்தது தவறல்ல. அவர் ஊரில் புயல் இல்லை, உப்பு இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று பலமாக வீசும் என்றாலும், அதன் திசை தெரிந்தது, காலமும் தெரிந்தது. மேற்குப் பக்கம் மறைப்புக் கட்டிச் சமாளிக்கலாம். அங்கே கூரையின் முக்கிய வேலை, வெயிலைத் தடுப்பது.

நாமக்கல், கோவை, ஈரோடு பக்கம் கோழிக் கொட்டகையோ மாட்டுக் கொட்டகையோ எதுவானாலும், நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் உள்ளே விழுவது குறையும். கூரைக்கு வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும். கோடைக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் அடிக்க வேண்டும். வெளிநீட்டம் அங்கே இரண்டடிக்கு மேலும் இருக்கலாம்; சாரலும் வெயிலும் தீவனத்தில் படாது. கடலோரத்தில் ஆகாத நீட்டம், கொங்குப் பகுதியில் தேவையாகிறது. அளவை அப்படியே எடுத்துப் போடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

மலையில் ஈரம்

நீலகிரியில் வெறும் ஷீட் போட்ட கிடங்கில் காலையில் மழை பெய்தது போலச் சொட்டும். ஓட்டை எதுவும் இருக்காது. இரவுக் குளிரில் ஷீட் சில்லிட்டு, உள்ளேயுள்ள ஈரக்காற்று அதில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டுகிறது. விதை உருளைக்கிழங்கும் உர மூட்டையும் இப்படித்தான் கெடுகின்றன. ஷீட்டுக்கு அடியில் பலகையோ வெப்பத்தடுப்பு விரிப்போ வேண்டும். சுவரின் மேல்பக்கம் காற்றுவழியும் வேண்டும். சமவெளியிலும் மார்கழி, தை மாதங்களில் நெல் மூட்டை அடுக்கும் ஷீட் கிடங்குகளில் இதே தொல்லை உண்டு.

மலைச் சரிவில் கூரைத் தண்ணீரைத் தரையில் கொட்ட விட்டால், அது மண்ணை அறுத்துக் கீழ் வீட்டுக்காரர் சுவரில் போய் நிற்கும். பீலி வைத்து, குழாய் வழியாக ஓடை வரை கொண்டுபோய் விட வேண்டும்.

நெருக்கமான தெருவும் கடைவீதியும்

கீற்றும் பனையோலையும் தனிவீட்டுக்கும் தோட்டத்துக்கும் அருமையான கூரை. வெயிலை இறக்காது, உள்ளூரிலேயே கிடைக்கும். ஆனால், வீட்டோடு வீடு ஒட்டிய தெருவில் ஒரு கூரை பற்றினால் தெருவே பற்றும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளை இழந்த தீ, கூரையில் கீற்று இருந்ததால்தான் அவ்வளவு வேகமாகப் பரவியது. அடுப்பு, மின்கம்பி, வைக்கோல் போர் ஆகிய மூன்றும் கீற்றுக் கூரையிலிருந்து விலகியே இருக்க வேண்டும். விலக்கிவைக்க இடமில்லாத தெருவில் கீற்றே வேண்டாம்.

கடைவீதியில் உர வியாபாரி, விதைக் கடைக்காரர், பால் சேகரிப்பு மையம் நடத்துபவர் எல்லோருக்கும் பெரும்பாலும் கான்கிரீட் தளம்தான். அங்கே தொல்லை தேங்கும் தண்ணீர். தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கும் பழைய முறை இன்றைக்கும் நல்ல முறைதான். 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது வாட்டம் வேண்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன் வடிகுழாய் வாயில் அடைத்த சருகை எடுத்துவிட்டால், தளம் ஒழுகுவது பெருமளவு நிற்கும். மொட்டை மாடியில் பின்னால் ஷீட் போடுபவர்கள், உயரம் கூடக் கூடக் காற்றும் கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அங்கிருந்து பறக்கும் ஷீட் தெருவில் போகிறவர் மேல் விழும்.

மாட்டை விற்ற பணத்தை எப்படிப் பிரிப்பது?

வாசகிக்கு உரிய விடை இதுதான். முதல் செலவு அஸ்திவாரத்துக்கும் தூணுக்கும். அடுத்தது சட்டமும் பர்லினும். மூன்றாவது நல்ல ஸ்க்ரூவும் வாஷரும். மிஞ்சியதில்தான் ஷீட். பணம் போதவில்லை என்றால் கொட்டகையின் நீளத்தைக் குறைக்கலாம். பிடிமானத்தைக் குறைக்கக் கூடாது. நான்கு மாட்டுக்குப் பலமான கொட்டகை போட்டு, மற்ற இரண்டைக் கீற்றுக்கடியில் கட்டி, அடுத்த ஆண்டு நீட்டிக்கொள்ளலாம். நீட்டுவதற்கு ஏற்றபடி முதலிலேயே தூண்களுக்கு இடம் குறித்துக்கொள்ள வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் மாடுகளைக் கொட்டகைக்குள் கட்டிவைக்கக் கூடாது. எவ்வளவு பலமாகப் போட்டிருந்தாலும் அவிழ்த்துவிட்டு, மேட்டு நிலத்துக்கு ஓட்டிவிட வேண்டும்.

பீலி ஒன்றும் வைத்துவிட்டால், ஒரு சென்டிமீட்டர் மழைக்கு இந்த 360 சதுர அடியிலிருந்து 300 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் கிடைக்கும். நிலத்தடி நீர் உப்பாகிவிட்ட ஊரில் மாட்டுக்கு அது பெரிய உதவி. முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும்.

சிறு கேள்விகள்

‘‘பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எடுத்துவிட்டுப் புதிது போடலாமா?’’ - வாசகர், பெரம்பலூர்.

போடலாம். எடுக்கும்போது உடைக்கவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். முகக்கவசம் கட்டாயம். ஈர ஷீட் வழுக்கும். கால் வைத்தால் உடையும். ஷீட் மேல் ஏறாமல், ஏணியிலோ பலகை போட்டோ நின்று வேலை செய்ய வேண்டும். உடைந்த துண்டை வரப்பிலோ பாதையிலோ போட்டு நிரவக் கூடாது.

‘‘சிப்பிக் காளானுக்கு ஷீட் கொட்டகை போடலாமா?’’ - வாசகி, திருவண்ணாமலை.

வேண்டாம். காளானுக்குக் குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும். அதற்கு இன்றைக்கும் கீற்றுக் கூரைதான் நல்லது. சின்ன வெங்காயப் பட்டறைக்கும் ஓலைதான் பொருத்தம். பழைய கூரை எல்லாமே மாற்ற வேண்டிய கூரை அல்ல.