அக்கரையில் சிந்தியது ரத்தமில்லையா?

சேலம், நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு பள்ளியில் ஆகஸ்ட் 15 விழாவுக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் சுதந்திரம் வாங்கிய நாடு நம் நாடு என்று சொல்லியே தீருவார். கைதட்டலும் விழும். சாட்சிக்கு நம் ஊர்க் கவிஞரையே கூப்பிடுவார்கள். மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின், ரத்தமின்றி ஒரு யுத்தம் வருகிறது என்ற அந்த நடைப்பாட்டு இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

கவிஞரோடு எனக்கு வழக்கில்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கத் தொண்டர்களோடு நடந்தபோது, அவர்கள் பாடிக்கொண்டு போக எழுதிய பாட்டு அது. நடக்கப்போகும் போராட்டத்துக்குத் தெம்பு கொடுத்த பாட்டை, நடந்து முடிந்த போராட்டத்தின் அறிக்கையாக்கியது நாம்தான். சத்தியாக்கிரகி அடுத்தவன் ரத்தத்தைச் சிந்த மாட்டான். தன் ரத்தம் சிந்தும் என்று தெரிந்துதான் தெருவில் இறங்கினான். காவிரிக்கு அந்தக் கரையில், திருப்பூரில், 1932 ஜனவரியில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து செத்த குமரனின் தலையிலிருந்து வழிந்தது என்னவாம்?

ஆனால் இந்த நம்பிக்கை மறைக்கும் பெரிய கணக்கு கடலுக்கு அப்பால் இருக்கிறது.

மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணிகளுக்கு திருச்சி, தஞ்சை, ஆற்காட்டைப் போலவே சேலம் ஜில்லாவும் நல்ல விளைச்சல் நிலம். மழை பொய்த்த வருஷங்களில் இந்தச் சமவெளியிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அதன்பின் அந்தத் தோட்டத்து மக்களை ஜப்பான்காரன் சயாம்–பர்மா ரயில் பாதை போட வாரிக்கொண்டு போனான். பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் தமிழர்கள் ஏராளம். அதே பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறை வரிசை வரிசையாக இருக்கிறது. நம்மவர்கள் காட்டோடு போனார்கள்.

உயிரோடு எஞ்சிய தோட்டத்து இளைஞர்களில் பலர் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். மலேயாவில் அந்தப் படைக்கு வந்த சாதாரண மக்களில் பெரும்பகுதி தமிழர்கள். சிலர் அங்கேயே பிறந்தவர்கள். பார்த்தே இராத நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கினார்கள். பினாங்கில் பயிற்சி பெற்று உளவு வேலைக்காக இந்தியா வந்து பிடிபட்டவர்களில் நான்கு பேரை 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையிலேயே தூக்கிலிட்டார்கள். ரத்தமில்லாத சுதந்திரம் பேசும் எந்த மேடையிலாவது அவர்களில் ஒருவரான வக்கம் காதரின் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா?

அவர்கள் வயிற்றுப்பாட்டுக்குப் போனவர்கள், சுதந்திரத்துக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள் சிலர். வயிற்றுப்பாடு ஏன் வந்தது என்று கேட்டால் பதில் லண்டனில் போய் முடியும். அதோடு, 1945 நவம்பரில் செங்கோட்டையில் அந்தப் படையின் அதிகாரிகளை விசாரித்ததற்கும், 1946 பிப்ரவரியில் கடற்படையினர் கிளர்ந்ததற்கும் வெள்ளைக்காரனின் தூக்கத்தைக் கெடுத்ததில் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

இந்தக் கதையைத் தமிழில் எழுதிய ஆள் ஒருவர் இருந்தார். சிங்கம்புணரியில் பிறந்து, 1938-இல் சுமத்ராவிலுள்ள மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போய், யுத்தம் முடிந்து 1946-இல் திரும்பிய ப. சிங்காரம். அவருடைய நாவல் 'புயலிலே ஒரு தோணி' ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைவதில் தொடங்குகிறது. கடைக் கணக்கெழுதிய பாண்டியன் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் போகும்போது புயலில் சிக்கிப் பினாங்கு சேர்கிறான், நேதாஜி படையில் சேர்கிறான், பிறகு சுமத்ராவுக்கே திரும்பி டச்சுக்காரர்களை எதிர்த்த இந்தோனேசியக் கொரில்லாக்களோடு நிற்கிறான். 1945 ஆகஸ்ட் 17 அன்று சுதந்திரம் அறிவித்த அந்த நாடு, டச்சுக்காரன் ஒப்புக்கொள்ள 1949 டிசம்பர் வரை சண்டை போட வேண்டியிருந்தது. அந்த நாட்டு இளைஞர்கள் மீது முதலில் சுட அனுப்பப்பட்டவர்களில் பிரிட்டிஷ் சம்பளம் வாங்கிய இந்தியச் சிப்பாய்களும் உண்டு. 1945 நவம்பரில் சுரபாயா எரிந்தபோது அங்கே நின்றது இந்தியப் பட்டாளம். இதையும் சேர்த்துத்தான் அகிம்சை தேசம் என்று மார்தட்டிக்கொள்கிறோம்.

சிங்காரத்தின் முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' இன்னும் கூர்மையானது. பினாங்கில் வட்டிக்கடை வைத்திருக்கும் வானாயீனாவிடம் வேலை பார்த்த செல்லையா, நேதாஜி படையில் சேர்ந்து திரும்பி வருகிறான். முன்பு மகள் மரகதத்தைக் கொடுக்கத் தயாராக இருந்த முதலாளி, பட்டாளத்துக்குப் போய் வந்தவன் கடைக்கு உதவ மாட்டான் என்று கையை விரித்துவிடுகிறார். அவர் கெட்டவரல்ல, வரவு செலவு தெரிந்தவர், அவ்வளவுதான். சுதந்திரம் வந்த பிறகு இந்தச் சமூகம் அக்கரைக்காரர்களை நடத்தியதும் வானாயீனா கணக்கில்தான்.

புயலிலே ஒரு தோணி அச்சேறக் கிட்டத்தட்ட பத்து வருஷம் காத்திருந்து 1972-இல் வந்தது. அந்த வருஷம்தான் நாமக்கல் கவிஞரும் காலமானார். சரித்திர நாவல் என்றால் குதிரைக் குளம்படியும் அரண்மனைச் சதியும் என்று பழகிய வாசகன் அதைச் சீந்தவில்லை. அந்தப் பழக்கத்தை வளர்த்த கல்கி, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு இருந்து பத்திரிகை நடத்தியவர். அவரே 'அலை ஓசை'யில் பிரிவினையின் ரத்தத்தைக் காட்டினார். நாம் பொன்னியின் செல்வனைத் தலையில் வைத்துக்கொண்டு அலை ஓசையைப் பரணில் போட்டோம். யுத்தத்தில் பாதி உலகம் எரிந்தபோது நம் முப்பாட்டன்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்காமலே வந்தியத்தேவனோடு குதிரையேறிவிட்டோம்.

சிங்காரமும்கூட வட்டிக்கடையிலிருந்துதான் பார்த்தார். ரப்பர் பால் எடுத்தவன் அவர் நாவலின் மையமல்ல. அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் மலேசியத் தமிழர்கள்தான்: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்'. ஆள் போன மண்ணிலிருந்தும் அந்தக் கதை வர வேண்டும். கப்பலேறியவன் விட்டுப்போன நிலம் யார் கைக்கு மாறியது, மணியார்டர் என்றைக்கு நின்றது, நின்ற பிறகு வீட்டுக்காரி பூவை எடுத்தாளா இல்லையா என்பதெல்லாம் மேடானிலும் பினாங்கிலும் இருந்து தெரியாது. ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் இருந்து எழுத வேண்டியவை அவை.

1972-இல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொண்டுவந்தபோது நேதாஜி படையினருக்கும் அதில் இடம் கொடுத்தது. சயாம் பாதையில் ஸ்லீப்பர் கட்டை சுமந்தவனுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. வாத்தியார்களே, தமிழாசிரியர்களே, உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். வருகிற ஆகஸ்ட் 15 அன்று பாட்டைப் பாடுங்கள், நன்றாகவே பாடுங்கள். பாட்டு முடிந்ததும் 'ரத்தம் சிந்தாமல்' என்ற அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் சிங்காரத்தின் நாவலிலிருந்தோ ரெங்கசாமியின் நாவலிலிருந்தோ இரண்டு பக்கம் ஒரு பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.