விழித்திருந்தவர்களுக்கு நன்றி

மார்ச் 27 உலக நாடக நாள். அதையொட்டி ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கொடுத்த தலைப்பு, ‘சுயேச்சை நாடகக்காரனின் துயரங்கள்’. பார்த்ததும் சுருக்கென்றது. நாடகக்காரனைக் கூப்பிட்டால் அழத்தான் வைக்க வேண்டுமா?

துயரம் இல்லாமல் இல்லை. இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் மண்டபப் புலம்பல் மனப்பாடமாகியிருக்கும். இங்கே மலேசியாவில், நீலாயைச் சுற்றி, தாமான் என்னும் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் மண்டபம் உண்டு. எல்லாம் கல்யாணத்துக்கென்றே கட்டியவை. மேடையில் மணவறைக்கு இடம் இருக்கும். நடிகன் ஒதுங்கி நிற்கப் பக்கவாட்டில் ஒரு முழம் இருக்காது. பேசிய வசனம் கூரையில் மோதி இரண்டாகத் திரும்பி வரும். பத்துப் பேர் ஒத்திகை பார்ப்பதற்கும் ஆயிரம் பேருக்கு விருந்து வைப்பதற்கும் ஒரே வாடகை. இது அநியாயம் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

ஆனால் கூட்டத்துக்குக் குறிப்பெடுக்க ந. முத்துசாமியின் ‘அன்று பூட்டிய வண்டி’ கட்டுரைத் தொகுப்பைக் கையில் எடுத்தேன், துயரம் மறந்துவிட்டது. புஞ்சை கிராமத்தில் பிறந்து, நவீனச் சிறுகதைக்காரராகப் பெயர் வாங்கிய மனிதர், தெருக்கூத்தின் முன்னால் மாணவராகப் போய் உட்கார்ந்தார். புரிசை கண்ணப்பத் தம்பிரானை ஆசானாகக் கொண்டாடினார். 1977இல் சென்னையில் அவருடைய கூத்துப்பட்டறை நாடகக் குழு பிறந்தது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாரும் அங்கே வளர்ந்தவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதியவர். 2012இல் பத்மஸ்ரீ வந்தது. 2018 அக்டோபரில் மறைந்தார். கூத்துக்காரரை மேலே நின்று ஆராயாமல், கீழே உட்கார்ந்து கற்றுக்கொண்ட பணிவு அந்தக் கட்டுரைகளில் இருக்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்ப அதற்கே போகிறேன்.

அவருக்குத் தம்பிரான். எனக்கு யார்?

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு அரிச்சந்திரா நாடகம் போடுவார்கள். ஒத்திகை ஆயாக்கொட்டகையில் நடக்கும். பகலில் பிள்ளைகள் தூங்கிய தொட்டில் சேலைகளைச் சுருட்டி உத்திரத்தில் செருகி, தரையைக் கூட்டிவிட்டுப் போவார் ஆயா. சந்திரமதி வேடம் கட்டியவர் பால் வெட்டுக்காரர். மீசையை மழித்து, சேலை கட்டி, பவுடர் அப்பியிருப்பார். கிட்டே போனால் அதையும் மீறி ஒட்டுப்பால் வாடை அடிக்கும். மயான காண்டத்தில் மகனை மடியில் கிடத்தி அவர் தலையைக் கோதும்போது, நகக்கண்ணில் காய்ந்த பால் வெளிச்சத்தில் தெரியும். யாருக்கும் அது உறுத்தவில்லை. அவரோடு அதே வெட்டுக்காட்டில் வேலை பார்த்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். நாடகம் முடிய விடிந்துவிடும். முகத்தைக் கழுவிக்கொண்டு பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடுவார்கள்.

எனக்கு முதன்முதலில் அந்த மகன் லோகிதாசன் வேடம் கொடுத்தபோது அந்தச் சந்திரமதி சொன்னது: “தம்பி, சோகத்த நாமே மொத்தமா அழுது தீர்த்திடக் கூடாது. சனம் அழறதுக்கு இடம் விடணும்.” பிறகு எத்தனையோ பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன். இதைவிடப் பெரிய பாடத்தை யாரும் சொல்லித் தரவில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான் வந்தது. பிராங் பெசார் முதலான தோட்டங்களின் மேல் புத்ராஜெயா எழுந்தது. தொழிலாளர் லயங்களும் ஆயாக்கொட்டகைகளும் போயின. அந்தச் சனத்தின் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் வேலை முடிந்த உடுப்போடு வந்து நள்ளிரவு வரை வசனம் பேசுகிறார்கள். மண்டபம் கிடைக்காத நாளில் ஓர் இரும்புக்கடைக்காரர் தன் கிடங்குச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மேடைச் சாமான் ஏற்ற ஒரு காய்கறிக்காரர் வேன் தந்தார், எண்ணெயும் ஊற்றி. என் நாடக வாழ்க்கை இவர்கள் போட்ட சோறு. இதில் துயரத்தை எங்கே தேடுவேன்?

கூட்டத்தில் தலைப்பை விட்டுவிட்டு இதைத்தான் பேசினேன். மனம் நிறைந்து பேசினேன்.

கோயில் நிர்வாகத்தில் இருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. வேலை நாள் இரவுகளில் உங்கள் மண்டபம் பூட்டித்தான் கிடக்கிறது. பிள்ளைகள் ஒத்திகைக்கு இடம் கேட்டு வந்தால் திறந்துவிடுங்கள். வாடகை வேண்டாம். முடிந்ததும் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள், போதும்.