எரிகோவின் மதிலும் அடையாற்றின் கரையும்



எரிகோ நகரம் வீழ்ந்த நிகழ்ச்சியை மறைக்கல்வி வகுப்பில் படித்த நாள்முதல் நாம் அறிவோம். குருக்கள் எக்காளம் ஊதியபடி உடன்படிக்கைப் பேழையின் முன் சென்றார்கள். மக்கள் ஆறு நாள்கள் நாளுக்கு ஒருமுறையும், ஏழாம் நாள் ஏழுமுறையும் நகரைச் சுற்றி வந்தார்கள். கட்டளை வரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஆர்ப்பரித்தார்கள்; மதில் விழுந்தது. நம்பிக்கைக்கும் கீழ்ப்படிதலுக்கும் எடுத்துக்காட்டாக இந்தப் பகுதி மறையுரைகளில் அடிக்கடி வருகிறது.

ஆனால் இதற்கு அடுத்த அதிகாரத்தை நாம் அவ்வளவாக வாசிப்பதில்லை. குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல், முடிச்சூர் என்று அடையாற்றையும் ஏரிகளையும் ஒட்டி வாழும் நமக்கு அந்த அதிகாரம்தான் இன்று அதிகம் தேவைப்படுகிறது.

கடினமான ஒரு பகுதி

முதலில் ஓர் உண்மையை நேராகப் பார்ப்போம். எரிகோ கதையில் நகரத்து மக்கள் எல்லாரும் கொல்லப்படுகிறார்கள். இதைக் கடவுளின் விருப்பம் என்று சொல்லி வாளெடுத்தவர்கள் வரலாற்றில் பலர். நம் காலத்திலும் இது நிற்கவில்லை. 2023 அக்டோபரில் காசா போரின்போது இஸ்ரயேல் பிரதமர் விவிலியத்தின் அமலேக்கியரை நினைவூட்டிப் பேசியது உலகெங்கும் பெரும் விவாதமானது.

திருஅவை இப்பகுதிகளை அப்படி வாசிக்கச் சொல்லவில்லை. திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2010-இல் வெளியிட்ட 'வெர்பும் டோமினி' என்னும் ஏட்டில், விவிலியத்தின் வன்முறைப் பகுதிகளை அவற்றின் வரலாற்றுச் சூழலில் வைத்து, இறைவாக்கினரின் கண்டனக் குரலையும் கேட்டு, கிறிஸ்துவின் ஒளியில் வாசிக்க வேண்டும் என்று விளக்கினார். 15-ஆம் நூற்றாண்டின் திருத்தந்தையர் ஆணைகளைக் காட்டிப் பிறர் நிலத்தைக் கைப்பற்றுவதை நியாயப்படுத்திய 'கண்டுபிடிப்புக் கோட்பாடு' என்பதையும் வத்திக்கான் 2023 மார்ச் 30 அன்று வெளிப்படையாக மறுத்தது.

யோசுவா நூலிலேயே இதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது. எரிகோவின் அருகே உருவிய வாளுடன் நின்றவரைப் பார்த்து, நீர் எங்கள் பக்கமா, பகைவர் பக்கமா என்று யோசுவா கேட்கிறார். வந்தவர் இரண்டு பக்கத்தையும் ஏற்கவில்லை. தாம் ஆண்டவரின் படைத்தலைவர் என்கிறார். யோசுவா தரையில் விழுகிறார், காலணியைக் கழற்றுகிறார். கடவுள் நம் கட்சியில் சேருவதில்லை. நாம்தான் அவர் முன் நிற்க வேண்டியவர்கள்.

தோற்ற போரும் தோண்டிய கூடாரமும்

இப்போது ஏழாம் அதிகாரத்துக்கு வருவோம். எரிகோவின் கொள்ளைப்பொருளில் எதையும் தமக்கென எடுக்கக் கூடாது என்பது கட்டளை. எல்லாரும் கீழ்ப்படிந்தார்கள், ஒருவனைத் தவிர. ஆக்கான் அழகான ஒரு மேலாடையையும், வெள்ளியையும், ஒரு தங்கப் பாளத்தையும் கண்டான், ஆசைப்பட்டான், எடுத்தான், தன் கூடாரத்துக்குள் புதைத்தான். வெளியே யாருக்கும் தெரியவில்லை. அடுத்து ஆயி என்ற சிறிய ஊரின்மேல் போனபோது இஸ்ரயேல் தோற்றது. ஏறத்தாழ 36 பேர் மாண்டார்கள். மாண்டவர்கள் எவரும் அந்தத் தங்கத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

யோசுவா பேழையின்முன் விழுந்து அழுதபோது ஆண்டவர் அவரை எழுந்திருக்கச் சொல்கிறார். குற்றம் இஸ்ரயேலுக்குள் இருக்கிறது, தேடு என்கிறார். குலம் குலமாக, வீடு வீடாகத் தேடல் நடக்கிறது. தேடப்பட்டது எதிரியின் ஊர் இல்லை. வெற்றி பெற்றவர்களின் பாளையம். ஆக்கானுக்கும் அவன் வீட்டாருக்கும் கிடைத்த கொடிய தண்டனையை நாம் முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. ஆனால் தேடல் எங்கிருந்து தொடங்கியது என்பதை நாம் மறக்கவும் கூடாது.

நம் பாளையத்தில் புதைந்திருப்பது

முந்தைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு 'ஏரி மாவட்டம்' என்றே பெயர். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும். எவ்வளவு நிலத்தில் பயிரிடலாம், எவ்வளவு நிலத்தைத் தண்ணீருக்கு விட வேண்டும் என்ற கணக்கு நம் முன்னோரிடம் இருந்தது. தொடக்கூடாத பங்கு ஒன்று உண்டு என்பதே அந்தக் கணக்கு.

நகரம் வளர்ந்தபோது அந்தப் பங்கின்மேல் கைவைத்தோம். 1920-களில் மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1970-களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின்மேலேயே பாலம் கட்டி நீட்டப்பட்டது. புறநகரில் ஏரிக்குள்ளும் வாய்க்கால்மேலும் மனைகள் விற்கப்பட்டன. வாங்கியவர்களில் நம் பங்கு மக்களும் உண்டு.

2015 டிசம்பர் 1-ஆம் நாள் தொடங்கி மறுநாள் காலைவரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. அந்த நீர் குன்றத்தூர்ப் பக்கமாக ஓடி, திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்ந்து, அனகாபுத்தூரையும் சைதாப்பேட்டைச் சின்னமலையையும் கடந்தது. மாடிகளில் ஏறி நின்று உயிர் தப்பியவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அது மனிதர் உருவாக்கிய பேரிடர் என்று 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொன்னது. ஆயி ஊரில் நடந்ததைப் போலவே, எடுத்தவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர்.

மதில்மேல் இருந்த வீடு

வெள்ளத்துக்குப் பிறகு தேடல் தொடங்கியது உண்மைதான். நீர்நிலைகளைக் காக்க 2007-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இருக்கிறது. உயர்நீதிமன்றமும் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. ஆற்றுக்கு அதன் இடத்தைத் திருப்பித் தருவது சரியே. ஆனால் தேடல் முதலில் யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று பாருங்கள்.

2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் இருந்த நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. பல்லாண்டுகளாக அங்கு வாழ்ந்தவர்கள், வீட்டுவரியும் மின்கட்டணமும் கட்டி வந்தவர்கள், தொலைவிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அருகிலுள்ள பெரிய கட்டடங்களையும் இதே அளவுகோலால் அளந்தீர்களா என்று அவர்கள் கேட்டார்கள். 2015-க்குப் பிறகு ஆற்றங்கரைகளிலிருந்து பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. அதுவும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. தண்ணீருக்குப் பயந்து வெளியேற்றப்பட்டவர்கள் தண்ணீர் தேங்கும் இடத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

இங்கே எரிகோ கதையின் இன்னொருவரை நினைவுகூர்வோம். இராகாபின் வீடு நகரின் மதிலோடு ஒட்டி இருந்தது. ஊரின் விளிம்பு அது. மதில் விழுந்தால் முதலில் விழவேண்டிய வீடு. ஆனால் ஒற்றர்கள் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். இடிபாடுகளுக்கு நடுவிலும் அந்த வாக்கைக் காப்பாற்றும்படி யோசுவா ஆணையிடுகிறார். இராகாபும் அவள் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாகவே காக்கப்படுகிறார்கள். பின்னர் மத்தேயு நற்செய்தியில் நம் ஆண்டவர் இயேசுவின் மூதாதையர் பட்டியலில் அவள் பெயர் இடம்பெறுகிறது.

ஆக, கீழ்ப்படிதலுக்கு இந்த நூல் இரண்டு அளவுகோல்களைத் தருகிறது. தொடக்கூடாததைத் தொடாதிருப்பது ஒன்று. விளிம்பில் இருப்பவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பது மற்றொன்று. ஆற்றங்கரைக் குடிசையை அகற்றிவிட்டு, ஏரிக்குள் எழுந்த மாளிகையை வரன்முறை செய்தால் இரண்டிலும் நாம் தவறியவர்கள் ஆவோம்.

நாம் செய்யக்கூடியவை

மனை வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழோடு நின்றுவிடாமல், அந்த சர்வே எண் கிராமக் கணக்கில் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று இருக்கிறதா எனப் பார்ப்போம். இருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம் என்போம். நம் ஆலய வளாகமோ, பள்ளியோ, கல்லறைச் சுவரோ நீர்வழியை அடைத்திருக்கிறதா என்று பங்குப் பேரவையில் துணிந்து கேட்போம். தேடல் நம் கூடாரத்திலிருந்து தொடங்கட்டும். இடம்பெயர்ந்த குடும்பங்கள் நம் பங்கிலிருந்து போனவர்களாயின், அவர்கள் பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு என்னவாயிற்று, பெரியவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று நம் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் விசாரிக்கட்டும்.

எரிகோவைச் சுற்றி நடந்தவர்கள் ஏழு நாள் பொறுமையாக நடந்தார்கள். ஏரிகளையும் ஏழைகளையும் காக்கும் நடை அதைவிட நீண்டது. ஆக்கான் மாண்ட ஆக்கோர் பள்ளத்தாக்கையே நம்பிக்கையின் வாயிலாக மாற்றுவேன் என்று ஓசேயா இறைவாக்கினர் வழியாக ஆண்டவர் வாக்களித்தார். நம் பள்ளங்களையும் அவர் அவ்வாறே மாற்ற, எடுத்ததைத் திருப்பித் தரும் மனத்தை அவரிடம் கேட்போம்.