நாமும் நம் வண்டியும்: தடித்த கம்பி தேவையா?

நமது தீவின் பெயரிலே ‘கார்’ இருப்பதைக் கண்டு, அங்கே மோட்டார் வண்டிகள் மலிந்து கிடக்குமோ என்று தாயகத்து உறவினர் நகைத்துக் கேட்பதுண்டு. அந்தக் கார் வேறு; இந்தக் கார் வேறு. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று குறிக்கப்பெற்ற தீவுக்கூட்டத்தின் வடகோடியில், ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர் பரப்பில், பவழப் பாறையின்மேல் தட்டையாகக் கிடப்பது நம் கார் நிக்கோபார். மோட்டார்க் கார் இங்கே கப்பலேறி வந்த விருந்தாளி.

அவ்விருந்தாளியைப் பற்றி நம் சங்கத்து இளைஞர் சிலர் கேள்வி ஒன்று கேட்டிருக்கின்றனர். “வண்டியின் பின்புறத்தில் இருக்கும் ஸ்டெபிலைசர் பாரை நீக்கிவிட்டு, அதனினும் தடித்த ஒன்றைப் பொருத்தினால் வளைவுகளில் வண்டி சாயாமல், சொன்ன சொல் கேட்டு ஓடுமாமே, செய்யலாமா?” என்பதே அது. கேள்வி நன்று. விடை கூறுமுன் அக்கம்பி யாது, அதன் தொழில் யாது என்பதை அறிதல் வேண்டும்.

வண்டியை அடியில் குனிந்து பார்த்தால், பகர வடிவில் வளைந்த எஃகுக் கம்பி ஒன்று இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இணைத்து நிற்பதைக் காணலாம். அதன் நடுப்பகுதி ரப்பர் புஷ்களின் வழியே வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். இரு முனைகளும் லிங்க் ராடுகளின் வழியே சக்கரங்களின் பக்கம் சேர்ந்திருக்கும். இரு சக்கரங்களும் ஒருங்கே மேலெழுந்தால் கம்பி தன் புஷ்களுக்குள் சும்மா சுழலும்; அதற்கு வேலையில்லை. வளைவிலே வண்டி ஒரு பக்கம் சாய, ஒரு சக்கரம் மேலும் மற்றது கீழுமாகச் செல்லும்போதுதான் கம்பி முறுக்கேறும். அம்முறுக்கை எதிர்க்கும் எஃகின் வலிமையே சாய்வைக் குறைக்கிறது. கனடா நாட்டைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பார் 1919-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

ரயிலுக்கும் இக்கம்பி புதியதன்று. இப்பொழுது நெடுந்தூர ரயில்களில் ஓடும் எல்.எச்.பி. பெட்டிகளின் ஃபியட் போகியிலும் இத்தகைய கம்பி உண்டு. 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்ற பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையிலும் அப்பெட்டிகள் செய்யப்படுகின்றன. பயணிகளின் சுகத்துக்காக ஸ்பிரிங்குகளை மென்மையாக்கினால் பெட்டி பக்கவாட்டில் ஆடும். அவ்வாட்டத்தை அடக்கவே கம்பி. காரிலும் நோக்கம் அஃதே.

இனித் தடிமனுக்கு வருவோம். கம்பியின் முறுக்கு வலிமை அதன் குறுக்களவின் நான்காம் மடியைப் பொறுத்தது. 16 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 18 மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால், கூடுவது இரண்டே மில்லிமீட்டர். ஆனால் வலிமை ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுகிறது. 20 மில்லிமீட்டராக்கினால் வலிமை முன்னதைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றுவது, செயலில் மிகப் பெரிது. “சற்றே தடித்தது” என்று கடைக்காரர் கூறும் சொல்லை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

அடுத்து, பலரும் தவறாக எண்ணும் செய்தி ஒன்று. தடித்த கம்பி டயர்களுக்குப் புதிய பிடிப்பு எதனையும் தருவதில்லை. வளைவில் வண்டியின் பாரம் உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. மாறும் பாரத்தின் மொத்த அளவை வேகமும், வளைவும், வண்டியின் உயர அகலங்களுமே முடிவு செய்கின்றன. அம்மாற்றத்தில் முன் சக்கரங்களுக்கு எவ்வளவு, பின் சக்கரங்களுக்கு எவ்வளவு என்னும் பங்கீட்டையே கம்பி மாற்றுகிறது.

ரயில் நிலையத்துச் சுமைக்காரர் இருவரை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கு 20 கிலோ தந்தால் இருவரும் விரைந்து நடப்பர். ஒருவருக்கு 35, மற்றவருக்கு 5 என்றால் மொத்தச் சுமை அதேதான்; ஆனால் முதல்வர் தள்ளாடுவார்; இரண்டாமவர் கைவீசி வருவதால் பயனில்லை. டயர்களும் அவ்வாறே. ஓர் இணைச் சக்கரங்களில் பாரம் எவ்வளவு ஏற்றத்தாழ்வாகிறதோ, அவ்வளவுக்கு அவ்விணையின் மொத்தப் பிடிப்புக் குறைகிறது. பின்புறக் கம்பியைத் தடிப்பாக்கினால், பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து தரும் பிடிப்பு குறைகிறது. முன் சக்கரங்கள் அந்த அளவுக்கு ஆறுதல் பெறுகின்றன. ஸ்டியரிங் கூர்மையாவதாகத் தோன்றுவதன் மறைபொருள் இதுவே.

முன் சக்கரங்களால் இழுக்கப்படும் சிறு கார்கள், வளைவில் வேகம் மிகுந்தால் முதலில் முன்புறம் வழுக்கி வளைவுக்கு வெளியே செல்லுமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்படுகின்றன. அது குறையன்று, காப்பு. அஞ்சிய ஓட்டுநர் இயல்பாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், வேகம் தணியும், முன் சக்கரங்கள் மீண்டும் பிடிக்கும். பின்புறத்தைக் கடினமாக்கிய வண்டியில் அதே அச்சத்தில் அதே காலை எடுத்தால், பாரம் முன்னே சரிய, இலேசான பின்புறம் வாலை வீசும். பயிற்சி பெற்றவர் எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பி மீட்பார். மனைவி மக்களோடு செல்லும் குடும்பத் தலைவருக்கு அப்பயிற்சி ஏது?

அங்ஙனமாயின் பந்தயக்காரர்கள் ஏன் இதனைச் செய்கிறார்கள்? இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலும், கோவைக்கு அருகே கரிவரதன் பெயரால் 2003-இல் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடுவோர்க்கு இக்கம்பி இன்றியமையாத கருவி. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவையிலிருந்து சென்றவரே. அத்தகையோரின் வண்டிகளில் கம்பியின் முனையில் பல துளைகள் இருக்கும். லிங்க் ராடை ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மாற்றி, அன்றைய தளத்துக்கும் டயருக்கும் ஏற்பக் கடினத்தைக் கூட்டுவர், குறைப்பர். ஒன்றை மட்டும் நாம் மறவாதிருப்போமாக: மழை பெய்தால் அவர்கள் பொதுவாகக் கம்பியைத் தளர்த்தவே செய்வர், இறுக்குவதில்லை. ஈரத்தளத்தில் மென்மையே பிடிப்பு.

நம் தீவோ தென்மேற்கு, வடகிழக்கு இரு பருவங்களிலும் மழை பெறுவது. தென்னோலையும் சருகும் ஈரத்தில் ஊறிக் கிடக்கும் சாலை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும், ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளும் இங்கில்லை. சாயும் வளைவே அரிதான சமதளத் தீவிலே சாய்வைத் தடுக்கும் தடித்த கம்பி எதற்கு? நமக்குள்ள தொல்லை பள்ளங்களே. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது தடித்த கம்பி மறுபுறச் சக்கரத்தையும் உடன் இழுக்கும். வண்டி இடவலமாகத் தலையாட்டும். பின்னிருக்கையில் உள்ள முதியவர்க்கு இடுப்பு வலிக்கும். மூவர் பின்னே அமர்ந்து, தேங்காய் மூட்டையும் ஏற்றிவிட்டால், பின் டயர்கள் முன்னமே தம் எல்லையை நெருங்கியிருக்கும்; தடித்த கம்பி அவ்வெல்லையை மேலும் அருகே கொணரும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சிறு கார்கள் பலவற்றில் பின்புறம் தனிக்கம்பியே இராது. இரு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு உத்திரமே முறுக்கேறி அவ்வேலையைச் செய்யும். அத்தகைய வண்டியில் கம்பியை வெல்டிங் செய்து ஒட்டுதல் கூடவே கூடாது. சூட்டினால் எஃகின் பதம் கெட்டு, வெடிப்புக் கண்டு, ஓடும்போதே முறியலாம். மின்னணு முறையில் வழுக்கலைத் தடுக்கும் அமைப்புள்ள வண்டிகளிலோ, அவ்வமைப்பின் கணக்கு தொழிற்சாலைக் கம்பியை வைத்தே போடப்பட்டது என்பதையும் நினைக்க வேண்டும்.

சட்டத்தையும் பார்ப்போம். பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கம்பியின் பருமன் அச்சான்றிதழில் எழுதப்படுவதன்று. எனினும் மாற்ற எண்ணுவோர் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்னரே தெரிவித்து, எழுத்தில் விடை பெறுவதே அறிவுடைமை.

அப்படியானால் வண்டி நன்றாக ஓட நாம் செய்யத்தக்கது யாது? செலவு குறைந்தவை நான்கு உண்டு. முதலாவது, டயரின் காற்று. ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்ட அளவின்படி, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபார்க்க வேண்டும். இரண்டாவது, இருக்கும் கம்பியின் புஷ்களும் லிங்க் ராடுகளும். மேடுபள்ளத்தில் ‘டக் டக்’ என்ற ஓசை எழுந்தால் அவை தேய்ந்தன என்று கொள்க. தேய்ந்த புஷ்ஷுக்குப் புதிய புஷ் போட்டாலே, தடித்த கம்பியிடம் எதிர்பார்த்த இறுக்கத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மூன்றாவது, எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரை இரண்டிரண்டாக மாற்றுதல். நான்காவது, கடலுப்பு. நம் தீவில் எந்த இடமும் கடலுக்குத் தொலைவன்று. சேமித்த மழைநீரால் வண்டியின் அடிப்புறத்தை அவ்வப்போது கழுவினால் துரு தாமதிக்கும்.

தாயகத்துக்கே வண்டியைக் கொண்டுசென்று மலைச்சாலைகளில் மிகுதியாக ஓட்டுவோர், எல்லாவற்றையும் சீர்செய்த பின்னும் குறை கண்டால், அவ்வண்டிக்கென்றே செய்யப்பட்ட கம்பியை, ஒரு படி மட்டுமே தடித்ததாக, தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு பொருத்தலாம். பொருத்தியபின் வெற்றிடத்தில், குறைந்த வேகத்தில், தனியே ஓட்டிப் பழகிய பிறகே குடும்பத்தை ஏற்ற வேண்டும்.

இங்கே ஒரு பொருள் முறிந்தால் அது கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பொருள் போகட்டும்; ஆள் முறிந்தால்? பெருங்காயம் பட்டவரை ஏறத்தாழ 270 கிலோமீட்டர் கடலைக் கடந்து ஸ்ரீ விஜயபுரம் கொண்டு சேர்க்க வேண்டும். அன்றியும், 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் காவலில் உள்ள மண் இது. நாம் அனுமதி பெற்று வந்து வாழ்வோர். 2004 டிசம்பர் 26-இல் கடல் கொண்டதுபோக மிஞ்சிய நிலத்தில், உள்ளே பெயர்ந்து ஊர் அமைத்துக்கொண்ட நிக்கோபாரியரின் பிள்ளைகள் நடக்கும் சாலையில்தான் நம் சக்கரங்கள் உருளுகின்றன. அப்பிள்ளை ஓரத்தில் நடந்து வரும்போது வேகத்தைத் தணிக்கும் காலே எந்தக் கம்பியினும் சிறந்த காவல்.

அடுத்த திங்களில், கடலுப்பிலிருந்து பிரேக் குழாய்களைக் காக்கும் வகைபற்றி எழுதுவோம்.