சோதித்த பின்னரே நம்புவோம்

முத்துக்குளிப்புக்குப் பெயர் பெற்றது நம் தூத்துக்குடி. அக்காலத்தில் எடுத்த எடுப்பிலேயே சலாபம் அறிவித்துவிட மாட்டார்கள். பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்துகளை மதிப்பிட்ட பிறகே நாள் குறிப்பார்கள். மருந்துகளையும் அவ்வாறே சோதித்துத்தான் ஏற்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஒரு முறை மாரடைப்பு வந்து பிழைத்தார். பின்பு, “உடம்பு நன்றாய்த்தானே இருக்கிறது” என்று கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு, யாரோ சொன்ன கஷாயத்தைக் குடித்து வந்தார். ஆறு மாதத்தில் மறுபடியும் மாரடைப்பு. இன்று அவர் இல்லை. காரணம் அதுதான் என்று சொல்ல நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஆயினும் அந்தக் கஷாயத்தை யார் சோதித்தார்கள் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லையே!

நாட்டு மருந்தை நாங்கள் இகழவில்லை. ஜி. வி. சத்தியவதி அம்மையார், சுசுருதர் நூலில் குக்குலு என்னும் மரப்பிசினைப் பற்றிப் படித்து, முயல்களுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். கொலஸ்டிரால் குறைந்தது. 1966இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்தார். நமக்குப் பெருமைதான். ஆனால் 2003இல் அமெரிக்காவில் 103 பேரைக் கொண்டு எட்டு வாரம் சோதித்தபோது, தீய கொழுப்பு குறையவில்லை, சற்றுக் கூடியது.

மேனாட்டு மருந்து என்பதாலேயே உயர்ந்ததும் அன்று. குளோஃபைப்ரேட் என்னும் மருந்து கொலஸ்டிராலைக் குறைத்தது. ஆனால் அதை உண்டவர்களிடையே இறப்பு மிகுந்தது என்று 1978இல் தெரிய வந்தது.

ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஏறத்தாழ 6000 நுண்ணுயிர்களை ஆராய்ந்து, 1973இல் ஒரு பூஞ்சையில் முதல் ஸ்டேட்டினைக் கண்டார். அவ்வகையைச் சேர்ந்த சிம்வாஸ்டேட்டினை 4444 இதய நோயாளிகளிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சோதித்தனர். மருந்து உண்டவர்களிடையே இறப்பு 30 விழுக்காடு குறைந்தது என்று 1994இல் அறிவித்தனர். 2023இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையம் வருவோருக்கு முதலில் தரும் மாத்திரைகளுள் ஸ்டேட்டினும் ஒன்று.

எனவே தாத்தா பாட்டிமாரே, பெற்றோரே! மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தோழியரே! யார் எந்த மருந்தைப் புகழ்ந்தாலும், “மனிதரிடம் சோதித்தார்களா? உயிர் காத்ததா?” என்று பணிவோடு கேட்போம். திறந்து பார்க்காத சிப்பிக்கு விலை பேசலாமா?