முதல்ல பணத்தைக் கட்டுங்க!

என் மாமாவுக்கு ஒருநாள் காலை 6.10 மணிக்கு, ஷேவ் செய்துகொண்டிருந்தபோது வாய் கோணியது. வலது கை தொங்கிவிட்டது. ‘பி.பி. ஏறியிருக்கும்’ என்று தெருமுனை டாக்டரிடம் தூக்கிப்போனோம். மாத்திரை, ட்ரிப்ஸ். எட்டு மணிக்கு ஒரு நர்சிங்ஹோம். ஸ்கேன் மெஷின் இல்லை. அதைச் சொல்லவே அவர்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. 9.15-க்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி. உடனே ஸ்கேன் எடுத்தார்கள், குறை சொல்லமாட்டேன். கசிவு இல்லை, பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு. கட்டியைக் கரைக்க ஊசி, பிறகு தொடை வழியாக வயர் விட்டு அதை இழுத்து எடுப்பது என்றார் டாக்டர். எப்போ? “கவுன்ட்டர்ல அட்வான்ஸ் கட்டிட்டு வாங்க சார்.” ஏ.டி.எம்., மச்சான், அடகுக்கடை என்று அலைந்ததில் 35 நிமிடம். ஊசி ஏறியபோது மணி 10.25.

பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன என்று 2006-லேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். அதை 35-ஆல் பெருக்கிப் பார்த்தேன். ஆறரைக் கோடிக்கு மேல்!

2015-ல் வரிசையாக ஐந்து ஆய்வுகள், கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது என்று காட்டின. ‘எப்படியும் இழுக்கத்தானே போறோம், முன்னாடி எதுக்கு ஊசிச் செலவு?’ என்று அப்புறம் ஒரு கேள்வி கிளம்பியது. நியாயமான கேள்விதான். ஆறு ஆய்வுகளில் இருந்த 2313 நோயாளிகளைச் சேர்த்து அலசி, 2024-ல் பதில் சொன்னார்கள்: அறிகுறி தொடங்கி 2 மணி 20 நிமிடத்துக்குள் ஊசி போட்டால், இரண்டும் சேர்ந்த சிகிச்சை மேல். அதற்குப் பிறகு, ஊசியால் கூடுதல் லாபம் தெளிவாகத் தெரியவில்லை. மாமாவுக்கு அந்தக் கெடு 8.30. அப்போது நாங்கள் ஸ்கேன் இல்லாத நர்சிங்ஹோமில் உட்கார்ந்திருந்தோம்.

இதைக் காட்டி ‘லேட்டா வந்தா ஊசி தண்டம்’ என்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள், கட்டியை இழுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேராக வந்தவர்கள். சின்ன ஊரில் விழுந்து, ஆம்புலன்ஸில் இரண்டு மணி நேரம் பயணம் செய்யவேண்டியவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. வழியெல்லாம் அவருக்கு ஊசி ஒன்றுதான் சிகிச்சை. அதையும் மிச்சம் பிடிக்கலாமா? தவிர, டெனெக்டிபிளேஸ் என்ற மருந்தை ஒரே தடவையில் செலுத்திவிடலாம். பழைய மருந்துபோல ஒரு மணி நேரம் ஏற்றவேண்டாம். சீனாவில் நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், நாலரை மணிக்குள் இதைப் போட்டுவிட்டுக் கட்டியை எடுத்தவர்களில் 100-க்கு 53 பேர், மூன்று மாதத்தில் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். வெறுமனே கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 44 பேர்.

ஊசிக்குச் சில பத்தாயிரங்கள், இழுப்பதற்குச் சில லட்சங்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிசியோதெரபி, டயப்பர், ராத்திரிக்கு ஆள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட என் மாமா மகள்... இதெல்லாம் எந்த பில்லில் வருகிறது? எது கட்டுப்படியாகும் என்று பேசுகிறவர்கள் அதையும் கூட்டிக்கொண்டு பேசட்டும்.

உயிரைக் காப்பது அரசு, தனியார் எந்த டாக்டருக்கும் கடமை, போலீஸ் நடைமுறையெல்லாம் அதற்குக் குறுக்கே வரக்கூடாது என்று 1989-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. போலீஸே காத்திருக்கலாமாம், கேஷ் கவுன்ட்டர் காத்திருக்காதா? ஸ்கேனில் கசிவு இல்லையா, ஊசிக்குத் தடையாக வேறெதுவும் இல்லையா, போட்டுவிட்டு அப்புறம் கையை நீட்டுங்கள். (வீட்டில் இருப்பவர்களுக்கு: ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், கசிவாக இருந்தால் விபரீதம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை மட்டும் குறித்துவையுங்கள்.)

அந்த ஆஸ்பத்திரி வாசலில் வாங்கிய விருதுகளெல்லாம் மாட்டியிருக்கிறது. உள்ளே நுழைந்ததிலிருந்து ஊசி போட சராசரி எத்தனை நிமிடம் ஆகிறது, அதையும் ஒரு போர்டில் எழுதக்கூடாதா என்று மேனேஜரிடம் கேட்டேன்.

“அதெல்லாம் வெளியே சொல்றதில்லை சார்” என்றார்.